அண்ணனுக்கு ஏற்றியது என்ன மருந்து? ஒரு எத்திக்ஸ் கமிட்டிக்குத் திறந்த மடல்

நெறிமுறைக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் அண்ணன் சேர்ந்திருந்த மருந்து ஆய்வைப் பற்றி நாங்கள் எழுதிய கடிதத்துக்கு உங்கள் பதில் கிடைத்தது. ஆய்வு "நிர்வாகக் காரணங்களால்" முடித்துக்கொள்ளப்பட்டது, பங்கேற்றவர்களின் குடும்பத்துக்கு முடிவுகளைத் தெரிவிக்கும் வழக்கம் இல்லை, மேற்கொண்டு விவரம் வேண்டுமென்றால் ஸ்பான்சரிடம், அதாவது ஆய்வை நடத்தும் மருந்துக் கம்பெனியிடம், கேட்டுக்கொள்ளவும். அவ்வளவுதான் கடிதம். அந்த ஸ்பான்சருக்கு எழுத ஒரு முகவரிகூட அதில் இல்லை. நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. எங்கள் அண்ணனுக்குக் கீமோவோடு சேர்த்து ஏற்றியது புது மருந்தா, வெறும் சலைனா? அந்த மருந்தால் யாருக்காவது பலன் கிடைத்ததா இல்லையா? இரண்டுக்கும் பதில் இல்லாத ஒரு தாளை ஃபைலில் செருகி வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை, அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே போடவில்லை, யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அண்ணன் ஆரணியில் பட்டு நெசவு செய்தவர். சாப்பிட்டால் நெஞ்சுக்குக் கீழே அடைக்கிறது என்று மாதக்கணக்கில் ஜெலுசில் குடித்துக்கொண்டிருந்தார், எடை இறங்கிய பிறகுதான் எண்டாஸ்கோபிக்குப் போனோம், இரைப்பையில் புற்று என்று வந்தது. முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், மறுபடி கீமோ என்றார்கள். கூடவே ஒரு ட்ரையல், புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு, நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்றார் டாக்டர். கட்டாயப்படுத்தவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அண்ணியையும் என்னையும் உட்கார வைத்து நிதானமாக விளக்கினார், வழக்கமான கீமோ எல்லோருக்கும் உண்டு, அதோடு பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குச் சலைன், யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும், எனக்கே தெரியாது என்றார். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "எனக்குப் பிரயோஜனம் இல்லாட்டியும் அடுத்தவனுக்கு ஆகுமா சார்?" ஆகும் என்றார் டாக்டர். அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ட்ரையல் என்றாலே எலிக்குப் போடும் மருந்தை ஏழைக்குப் போடுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அண்ணனுக்கு ஏறிய வழக்கமான கீமோவே ஒரு ட்ரையலில் இருந்து வந்ததுதான். ஃப்ளாட் என்று நர்ஸ்கள் சொல்லும் அந்த நாலு மருந்துக் கூட்டை (ஃப்ளூரோயுராசில், லியூகோவோரின், ஆக்சாலிபிளாட்டின், டோசிடாக்சல்) ஜெர்மனியில் 716 பேரிடம் பழைய கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து 2019ல் வெளியிட்டார்கள். பழைய கூட்டு வாங்கியவர்களின் நடுமதிப்பு ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 35 மாதம், புதியதை வாங்கியவர்களுக்கு 50 மாதம். முகம் தெரியாத அந்த 716 பேர் உடம்பைக் கொடுத்து, கிடைத்ததை யாரோ ஒளிக்காமல் அச்சில் போட்டதால்தான் ஆரணி நெசவாளி ஒருவருக்கு அந்த மருந்து கிடைத்தது. அதே மாதிரி அண்ணன் கொடுத்ததும் யாருக்காவது போய்ச் சேர வேண்டாமா? என் கோபமே அங்கேதான்.

அவர் கொடுத்தது கொஞ்சமா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சைக்கிள், அதாவது ஒரு சுற்று மருந்து. கையில் பிக் லைன் என்ற மருந்துக் குழாய், இடுப்பில் ஃப்ளூரோயுராசில் பம்ப், அது முழுசாக ஏற இருபத்துநாலு மணி நேரம். ஆக்சாலிபிளாட்டின் ஏறிய நாளிலிருந்து குளிர்ந்த எதையும் தொட முடியாது, காலையில் எவர்சில்வர் டம்ளரை எடுத்தால்கூட ஷாக் அடித்த மாதிரி கையை உதறுவார். சைக்கிள் ஏற ஏற விரல் நுனி மரத்துப்போனது. பட்டுத் தறியில் உட்காருகிறவனுக்கு விரல் நுனிதான் கண். பாவில் ஒரு இழை அறுந்தால் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிடத் தடவித்தான் கண்டுபிடிப்பார்கள். அண்ணன் அறுந்த இழையை எடுத்து முடிய முயன்று, அது விரலில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று தெரியாமல், கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் மகனைக் கூப்பிடுவார். இதெல்லாம் வழக்கமான கீமோவின் விளைவு, ட்ரையல் மேல் பழி போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவுக்கும் நடுவில் ட்ரையலுக்கென்று தனியாக ரத்தம் கொடுத்தார், அந்த விரல்களாலேயே ட்ரையல் டைரியில் தினமும் எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை பேதி, காய்ச்சல் உண்டா என்று எழுதினார், எழுத்து கோணிக்கொண்டு போகும், ஆனாலும் ஒரு நாளும் விட்டதில்லை. டைரியைத் திருப்பி வாங்கிக்கொண்டீர்கள். பயாப்சியில் எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் ட்ரையல் லேபுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

ஆபரேஷன் முடிந்து பிந்தைய கீமோ நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டடி கோஆர்டினேட்டரிடமிருந்து ஒரு போன். ட்ரையலுக்கென்று நம்பர் ஒட்டி வந்த மருந்துப் பை இனிமேல் வராது, ஃப்ளாட் மட்டும் தொடரும். ஏன் என்று கேட்டதற்கு, மேலிடத்து முடிவு என்று பதில். மருந்து ஆபத்தானது என்று தெரிந்து நிறுத்தினார்களா? பலன் இல்லை என்று நிறுத்தினார்களா? கம்பெனிக்குக் காசு போதவில்லையா? மூன்றும் ஒன்றல்ல. முதலாவது என்றால் நாங்கள் எதையாவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கோஆர்டினேட்டரும் அப்புறம் வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் நம்பரை எடுக்கிறவர் யாருக்கும் எங்கள் ட்ரையலே தெரியவில்லை.

நோய் திரும்பி வந்தது, வயிற்றில் நீர் கோத்தது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம், வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டே என்பதால். அங்கே இருந்த பெண் டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "இந்தப் புது மருந்து இவருக்குப் போயிருக்கா இல்லையா?" என்பதுதான். போயிருந்தால் அதே வகை மருந்தை மறுபடி கொடுப்பதில் அர்த்தமில்லை, போகவில்லை என்றால் யோசிக்கலாம். அடுத்து, எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்க ஹெர்2 டெஸ்ட் பண்ணணும், பழைய பிளாக்கைக் கொண்டு வாங்க என்றார். அந்த மெழுகுக் கட்டியைத்தான் பிளாக் என்கிறார்கள். அது எங்கே? உங்கள் பேத்தாலஜியில் கேட்டால் ரிசர்ச் ஆபீஸைக் கேளுங்கள், ரிசர்ச் ஆபீஸில் கேட்டால் ஸ்பான்சருக்கு மெயில் போட்டிருக்கிறோம். வாரக்கணக்கில் அப்படியே போனது. கடைசியில் கோத்திருந்த நீரிலிருந்தே மறுபடி மாதிரி எடுத்தார்கள், அது போதவில்லை. அந்த நாட்கள் வீணாகாமல் இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்று உறை முழுக்கப் பரவிய இரைப்பைப் புற்று எப்படிப்பட்டது என்று இப்போது எனக்கும் தெரியும். ஆனால் அந்த டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுத வேண்டி வந்தது, அதற்குக் காரணம் நோய் இல்லை.

இனி, வழக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன்.

உலக மருத்துவர் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனத்தை ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்தின் முன்பக்கத்திலும் குறிப்பிடுவீர்கள். ஆய்வில் பங்கேற்ற எல்லோருக்கும் அதன் பொதுவான முடிவுகளைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று அதன் 2013 பதிப்பில் 26வது பத்தி சொல்கிறது. 2017ல், ட்ரையல் முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடுவோம் என்ற கூட்டு அறிக்கையில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நம்முடைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் ஒப்பமிட்டது. முக்கிய முடிவுகளை 12 மாதத்துக்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், 24 மாதத்துக்குள் ஆய்விதழில் வெளியிட வேண்டும் என்பது அந்த அறிக்கை வைத்த கெடு. ஐரோப்பாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, முடிந்த ட்ரையலின் சுருக்கத்தைப் படிக்கத் தெரிந்த எந்தச் சாதாரண மனிதருக்கும் புரிகிற மாதிரி எழுதி வெளியிட்டாக வேண்டும்.

நம் ஊரிலும் 2019ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் இருக்கின்றன. ஒரு ட்ரையலை இடையில் நிறுத்தினால் விரிவான காரணத்தை 30 வேலை நாட்களுக்குள், டெல்லியில் மருந்து ட்ரையல்களுக்கு அனுமதி தரும் மத்திய உரிமம் வழங்கும் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக டெல்லிக்குக் காரணம் தெரியும், தெரிந்தே ஆக வேண்டும். நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டவனுக்குத்தான் தெரியாது. ஆவணங்களை ட்ரையல் முடிந்து ஐந்து வருடம் குழு பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான், அதனால் "இப்போது எங்களிடம் எதுவும் இல்லை" என்று சொல்லவும் இன்னும் நேரம் வரவில்லை.

இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களைப் பதியும் சிடிஆர்ஐ பதிவேட்டையும் பார்த்தேன். 2007ல் தொடங்கிய நல்ல ஏற்பாடு, 2009 ஜூனிலிருந்து மருந்து ட்ரையல்களுக்குப் பதிவு கட்டாயம். அண்ணனின் படிவத்தில் இருந்த பதிவு எண்ணைப் போட்டால் பக்கம் வருகிறது. அதில் உங்கள் ட்ரையல் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறது! அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார், ட்ரையலும் மூடியாகிவிட்டது, பக்கத்தில் மட்டும் ஆள் எடுக்கிறார்கள். முடிவுகளுக்கான இடம் காலி.

இது சாவு விழுந்த வீட்டின் ஆற்றாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அருகே நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் விழுப்புரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. பையனுக்கு ரத்தப் புற்று, ஏஎல்எல். அவனும் ஒரு ட்ரையலில்தான் இருந்தான், கம்பெனி ட்ரையல் இல்லை, டாக்டர்களே நடத்துவது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு வந்த அன்றைக்குத் தலை தூக்காமல் படுத்துக்கிடப்பான், மறுநாள் லாட்ஜ் வராந்தாவில் பந்து உருட்டிக்கொண்டிருப்பான். இப்போது சிகிச்சை முடிந்து பள்ளிக்கூடம் போகிறான், நன்றாக இருக்கிறான். அவன் அம்மா போனில் கேட்டது: "நம்ம புள்ளைக்கு எந்தப் பக்கம் விழுந்துச்சு, எது நல்லதுன்னு கண்டுபிடிச்சாங்களாக்கா?" பிழைத்த பிள்ளையின் தாய்க்கும் அதே கேள்வி, அவளிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ரத்தப் புற்றில் நம் நாடு முன்னேறியதே கணக்கைத் திறந்து காட்டியதால்தான். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் 1984ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்சிபி 841 என்று ஒரே சிகிச்சை முறையைக் கையில் எடுத்தன. பதினாலு வருட அனுபவத்தை, எத்தனை பேர் நோயால் இறந்தார்கள், எத்தனை பேர் மருந்தின் கடுமையால் இறந்தார்கள் என்பது உட்பட, 2005ல் அச்சில் வைத்தார்கள். வேலூர் சிஎம்சியில் ஏபிஎம்எல் வகை ரத்தப் புற்றுக்கு ஆர்செனிக் டிரையாக்சைடு என்ற ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்து 72 நோயாளிகளின் விவரத்தை 2006ல் வெளியிட்டார்கள். ஏழு வருடம் கழித்து ஐரோப்பிய ட்ரையல் ஒன்று, ஆர்செனிக்கையும் வைட்டமின் ஏ வகை மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த நோயில் ஆபத்து குறைவானவர்களுக்குக் கீமோவே வேண்டாம் என்று காட்டியது. பாஷாணம் என்று பயந்த சரக்கு மருந்தான கதை அது, அதில் நம் வேலூருக்கும் ஒரு பங்கு. வெளியில் சொன்னதால்தானே?

தோற்ற ட்ரையலை எதற்கு வெளியிட வேண்டும் என்று யாராவது கேட்கலாம். தோற்றதைத்தான் முதலில் வெளியிட வேண்டும் என்பேன். இரைப்பைப் புற்றுக்கே ஒரு உதாரணம். பிரிட்டனில் 1,063 பேரிடம், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் தரும் கீமோவோடு பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சேர்த்தால் பலன் உண்டா என்று பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கீமோ மட்டும் வாங்கியவர்களில் 50.3 சதவீதம், பெவாசிசுமாபும் வாங்கியவர்களில் 48.1. பலன் இல்லை. அதுமட்டுமா, உணவுக்குழாயையும் இரைப்பையையும் சேர்த்து வெட்டியவர்களுக்குத் தைத்த இடத்தில் கசிவு 10 சதவீதத்திலிருந்து 24 ஆகியிருந்தது. 2017ல் இதை வெளியிட்டார்கள். அதைப் படித்த எந்த சர்ஜனும் இனி அந்த வழியில் போக மாட்டார். "நிர்வாகக் காரணம்" என்று எழுதி பீரோவில் வைத்திருந்தால்? இன்னொரு நாட்டில் இன்னொருவர் அதையே திரும்பச் செய்து பார்த்திருப்பார், இன்னும் சில வயிறுகளில் தையல் பிரிந்திருக்கும்.

குடல் புற்றில் ஆக்சாலிபிளாட்டின் கதையும் அப்படித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் தேவையா, மூன்று போதுமா என்று 12 நாடுகளில் ஆறு ட்ரையல்கள், 12,834 பேர். ஆபத்து குறைவான மூன்றாம் கட்ட நோயாளிகள் பலருக்கு மூன்று மாதமே கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது, விரல் மரத்துப்போவது பாதிக்கும் கீழே குறைகிறது என்று 2018ல் வந்தது. மருந்து விற்பனையைக் குறைக்கிற இந்த மாதிரி முடிவை எந்தக் கம்பெனி தேடிப் போகும்? நோயாளிகளும் டாக்டர்களும் சேர்ந்தால்தான் வரும். அண்ணனின் விரலைப் பார்த்தவள் என்பதால் அந்த ஆய்வுக்கு நான் தனியாகக் கும்பிடு போடுவேன்.

நீங்கள் சொல்லக்கூடிய சமாதானங்கள் எனக்கே தெரியும். யாருக்கு எது என்பது ரகசியம், உடைத்தால் ஆய்வு கெட்டுவிடும் என்பீர்கள். சரி, நடக்கும்போது ரகசியம் வேண்டும். மூடிய பிறகு யாருக்கு ரகசியம்? கம்பெனியின் வியாபார ரகசியம் என்றால், மருந்து எப்படிச் செய்வது என்று நாங்கள் கேட்கவில்லை. குடும்பத்தினர் மனம் புண்படும் என்பீர்கள். அண்ணனுக்குச் சலைன்தான் போனது என்று தெரிந்தால் அண்ணி அழுவாள், உண்மைதான். தெரியாமலும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள்.

குழுவில் குறைந்தது ஏழு பேர், பாதிப் பேராவது ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாதவர்கள், ஒரு வக்கீல், ஒரு பெண், மருத்துவம் படிக்காத ஒரு பொதுமனிதர் என்று விதி சொல்கிறது. அந்தப் பொதுமனிதரிடம் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது எங்களுக்காக. அண்ணன் சேர்ந்த ட்ரையலுக்கு அனுமதி கொடுத்த கூட்டத்தில், இது முடிந்ததும் இவர்களுக்கு யார் சொல்வது என்று நீங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. அடுத்த கூட்டத்திலாவது கேளுங்கள் ஐயா, அல்லது அம்மா. யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது பாருங்கள்.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதை, அவருடைய ட்ரையல் எண்ணைக் குறிப்பிட்டு, சட்டப்படி வாரிசான அண்ணியின் பெயருக்கு எழுத்தில் தர வேண்டும். ட்ரையல் ஏன் நிறுத்தப்பட்டது, டெல்லிக்கு எழுதிய காரணம் எதுவோ அதே காரணம், அதுவும் வேண்டும். மெழுகுக் கட்டி எங்கே இருக்கிறது, மிச்சம் இருக்கிறதா என்று சொல்லுங்கள், இருந்தால் திருப்பித் தாருங்கள். இனி அதனால் அண்ணனுக்கு ஆகப்போவது எதுவுமில்லை, ஆனால் அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்கு ஒரு மரபணு டெஸ்ட் வேண்டும் என்று எந்த டாக்டராவது சொன்னால் அது தேவைப்படும். சிடிஆர்ஐ பக்கத்தைத் திருத்தச் சொல்லி ஆய்வு நடத்திய டாக்டருக்குக் குழு எழுத்தில் உத்தரவு போட வேண்டும், கிடைத்த அளவுக்கான முடிவுகளை அதில் ஏற்றவும் வேண்டும்.

இனி வரும் ட்ரையல்களுக்கு, இரைப்பையோ குடலோ ரத்தப் புற்றோ எதுவானாலும், சம்மதப் படிவத்திலேயே ஒரு கேள்வி சேருங்கள்: முடிவு தெரிய வேண்டுமா, உங்களுக்கு முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்? ட்ரையல் மூடி ஒரு வருடத்துக்குள் அந்தப் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும், போகாவிட்டால் அதே டாக்டரின் அடுத்த ட்ரையலுக்கு நீங்கள் அனுமதி தரக் கூடாது. நோய் திரும்பி வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் டாக்டர் கேட்டால் எந்த மருந்து போனது என்று உடனே சொல்ல ஒரு ஆளும், எப்போதும் எடுக்கப்படுகிற ஒரு போன் நம்பரும் வேண்டும். ஆட்கள் வேலையை விட்டுப் போகலாம், நம்பர் போகக் கூடாது.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் இதே விவரங்களை மத்திய உரிமம் வழங்கும் அதிகாரிக்கும் ஐசிஎம்ஆருக்கும் அனுப்புவேன், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவும் போடுவேன். பதிலைத் தமிழில் எழுதுங்கள், படிக்கப்போவது அண்ணி.

இப்படிக்கு,
ஆரணியிலிருந்து, உங்கள் ட்ரையலில் இருந்த ஒருவரின் தங்கை